பம்பை அழுத்தும் முன்: வெளியூர்க் குளியலறைக்குச் சில குறிப்புகள்

லாட்ஜ் அறைக்குள் நுழைந்ததும் குளியலறையை எட்டிப் பார்த்து, கட்டைவிரல் அளவுச் சோப்பும் குட்டி ஷாம்பு பாட்டிலும் இருக்கின்றனவா என்று தேடுவது நம்மில் பலருக்குப் பழக்கம். அந்தக் குட்டிகள் குறைந்துகொண்டே வருகின்றன. அவை இருந்த இடத்தில் சுவரில் பொருத்திய பம்ப் பாட்டில்கள் வந்துவிட்டன. ஒன்றில் ஷாம்பு, ஒன்றில் பாடி வாஷ், வாஷ்பேசின் ஓரம் ஒரு ஹேண்ட் வாஷ்.

பிளாஸ்டிக் குப்பையைக் குறைக்கத்தான் இந்த மாற்றம். ஐ.எச்.ஜி., மாரியட் ஆகிய பெரிய ஹோட்டல் குழுமங்கள் 2019-இல் குட்டி பாட்டில்களைக் கைவிடப்போவதாக அறிவித்தன. மாரியட், தன் ஹோட்டல்களில் மட்டும் ஆண்டுக்குச் சுமார் 50 கோடி குட்டி பாட்டில்கள் குப்பைக்குப் போகாமல் மிச்சமாகும் என்று கணக்குச் சொன்னது. கலிஃபோர்னியாவில் 50 அறைகளுக்கு மேலுள்ள விடுதிகளுக்கு 2023 முதல் இது சட்டம். ஹாங்காங்கும் தென்கொரியாவும் 2024-இல் இலவசக் குட்டிப் பொருள்களுக்குத் தடை போட்டன. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2030-இல் வருகிறது. நம் ஊர் லாட்ஜுகளும் ஹோம்ஸ்டேக்களும் எந்தச் சட்டமும் சொல்லாமலே மாறிவருகின்றன. காரணம் எளிது: கேனில் வாங்கி ஊற்றினால் செலவு குறைவு.

குப்பை குறைவது நல்ல விஷயம். ஆனால் கேனிலிருந்து ஊற்றுகிறவர் எப்படி ஊற்றுகிறார் என்பதில்தான் நம் தோலின் நலம் இருக்கிறது.

1. பம்பைத் தொடத் தயங்க வேண்டாம். பத்துப் பேர் தொட்டதைத் தொடலாமா என்றுதான் பலரும் யோசிக்கிறார்கள். தாராளமாகத் தொடலாம். தொட்ட கையை அடுத்த நொடியே கழுவத்தானே போகிறோம்! உள்ளே இருக்கும் திரவத்தைப் பற்றித்தான் யோசிக்க வேண்டும். பாட்டில் தீரும் முன்பே கேனிலிருந்து மேலே மேலே ஊற்றிக்கொண்டு வந்தால், பழையது எப்போதுமே முழுதாகத் தீராது. பழைய மாவு ஒட்டியிருக்கும் பாத்திரத்தைக் கழுவாமல் அதிலேயே புது மாவை ஊற்றினால் எப்படிச் சீக்கிரம் புளித்துவிடுமோ, அதே கதைதான். அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையம் மருத்துவமனைகளுக்காக 2002-இல் வெளியிட்ட கைகழுவும் வழிகாட்டியில், பாதி காலியான சோப்பு டிஸ்பென்சரில் மேற்கொண்டு சோப்பு ஊற்றக் கூடாது, அதனால் சோப்பிலேயே கிருமி சேரும் என்று வெளிப்படையாக எழுதியிருக்கிறது. உலகச் சுகாதார நிறுவனத்தின் 2009 வழிகாட்டியும் இதையே சொல்கிறது. மருத்துவமனைக்குச் சொன்னதை லாட்ஜுக்காரர்கள் யாரும் படித்திருக்கப் போவதில்லை.

2. ‘சோப்பில் எப்படிக் கிருமி வளரும்?’ என்று கேட்பவர்களுக்கு: கட்டிச் சோப்பில் காரத்தன்மை அதிகம், ஈரம் குறைவு, கிருமிக்கு அது வசதியான இடமில்லை. ஷாம்புவும் பாடி வாஷும் ஹேண்ட் வாஷும் அப்படியல்ல. அவற்றில் பெரும்பகுதி தண்ணீர். காரமும் குறைவு. கெடாமல் காப்பது அவற்றில் சேர்க்கப்படும் பதனப் பொருள்தான். அதன் அளவு மூடிய பாட்டிலுக்கும், வழக்கமான உபயோகத்துக்கும் கணக்குப் போட்டுச் சேர்க்கப்படுகிறது. மாதக்கணக்கில் காலியாகாமல், கழுவாமல் ஓடும் பாட்டிலுக்கு அந்தக் கணக்கு பொருந்தாது. சூடோமோனாஸ், கிளெப்சியெல்லா, செராஷியா போன்ற, ஈரத்தில் பிழைக்கும் பாக்டீரியாக்கள் அங்கே குடியேறும். பாட்டிலின் உள்சுவரிலும் பம்பின் குழாயிலும் வழவழப்பான படலமாக ஒட்டிக்கொள்ளும். படலம் வந்துவிட்டால் பிறகு எவ்வளவு நல்ல சோப்பை ஊற்றினாலும் அதையும் அந்தப் படலம் கெடுத்துவிடும்.

3. தண்ணீர் கலந்ததை உடனே கண்டுபிடிக்கலாம். ஒரு அழுத்து அழுத்தினால் ஷாம்பு உள்ளங்கையில் குவியலாக நிற்க வேண்டும். விரல் இடுக்கு வழியாக ஓடினால், கலங்கலாக இருந்தால், இரண்டு நிறம் அடுக்காகப் பிரிந்து நின்றால், யாரோ சிக்கனம் பிடித்திருக்கிறார் என்று பொருள். தண்ணீர் சேரும்போது நுரை மட்டும் குறைவதில்லை. பதனப் பொருளும் நீர்த்துப்போகிறது. கூடவே மொட்டைமாடித் தொட்டியின் தண்ணீரில் இருக்கும் கிருமியும் உள்ளே போகிறது. என்னைக் கேட்டால், வெளியூர்க் குளியலறையில் எச்சரிக்கையாக இருக்க வேண்டிய முதல் பொருள் இந்தத் தண்ணீர் ஷாம்புதான். அதைத் தலையில் தேய்ப்பதைவிட, வெறும் தண்ணீரில் குளித்துவிட்டு வரலாம். (நுரைக்கும் பம்ப் கொண்ட ஹேண்ட் வாஷ் இயல்பிலேயே நீர்த்துத்தான் இருக்கும். அதைக் குறை சொல்ல வேண்டாம்.)

4. ஆராய்ச்சி என்ன சொல்கிறது? அமெரிக்காவில் பொதுக் கழிப்பறைகளில் ஊற்றி நிரப்பும் வகை டிஸ்பென்சர்களைச் சோதித்தபோது, ஏறக்குறைய நான்கில் ஒன்றில் அளவுக்கு மீறிய பாக்டீரியா இருந்தது. 2011-இல் வெளியான இன்னோர் ஆய்வு இன்னும் அழுத்தமானது. ஓர் ஆரம்பப் பள்ளியின் 14 டிஸ்பென்சர்களிலும் கிருமி சேர்ந்திருந்தது. அந்தச் சோப்பில் கை கழுவிய பிறகு, மாணவர், ஆசிரியர் கைகளில் ஒரு வகை பாக்டீரியாக்கள் கழுவுவதற்கு முன்பிருந்ததைவிடச் சுமார் 26 மடங்கு கூடியிருந்தன. பிறகு அங்கே மூடி முத்திரையிட்ட பை வைக்கும் டிஸ்பென்சர்களை மாட்டினார்கள். ஓராண்டு கழித்துப் பார்த்தபோது ஒன்றில்கூடக் கிருமி இல்லை. இதில் ஒரு விஷயத்தையும் சேர்த்தே சொல்ல வேண்டும். அந்த ஆய்வில் பங்கெடுத்தவர்களில் சிலர் அந்த மாதிரிப் பைகளைத் தயாரிக்கும் நிறுவனத்தைச் சேர்ந்தவர்கள். அதனால் எண்களைக் கொஞ்சம் தள்ளி நின்று பார்க்கலாம். ஆனால் மேலே மேலே ஊற்றக் கூடாது என்ற அறிவுரை, இந்த ஆய்வு வருவதற்கு வெகுமுன்பே மருத்துவமனை அனுபவத்திலிருந்து வந்தது.

5. நல்ல டிஸ்பென்சரை அடையாளம் காண்பது எப்படி? பூட்டும் சாவித் துளையும் இருந்தால், உள்ளே மூடி முத்திரையிட்ட பையோ கார்ட்ரிட்ஜோ இருந்தால், தீர்ந்ததும் மொத்தமாக மாற்றும் வகை என்றால், கவலையில்லாமல் பயன்படுத்துங்கள். இந்த வகையில் பெரும்பாலும் பையோடு புது முனையும் சேர்ந்தே வரும். பழைய குழாய் என்ற பேச்சே இல்லை. இதற்கு நேர் எதிர், மேல் மூடியைக் கையால் திருகித் திறந்து ஊற்றும் வகை. விருந்தாளியான நீங்களே திறக்க முடிகிறதென்றால் உங்களுக்கு முன் தங்கியவராலும் திறக்க முடிந்திருக்கும். விளையாட்டாகவோ வேண்டுமென்றோ எதையாவது கலக்க அது இடம் கொடுக்கிறது. அது அரிதுதான். இருந்தாலும் பூட்டாத பாட்டிலை நான் தலைக்குப் பயன்படுத்துவதில்லை.

6. பம்பின் மூக்கைப் பாருங்கள். அங்கே காய்ந்த சோப்பு கட்டி தட்டியிருந்தால், அடியில் ஊறிய கறை வளையமாக இருந்தால், சுத்தம் செய்பவர் அந்தப் பக்கம் வந்து நாளாகிறது. மூக்கைச் சுற்றி இளஞ்சிவப்புப் படலம் தெரிந்தால் தொடவே வேண்டாம். குளியலறை ஓடுகளின் இடுக்கில் வரும் அந்த ரோஸ் நிற வழவழப்புக்குப் பெரும்பாலும் செராஷியா என்ற பாக்டீரியாதான் காரணம். புளித்த வாடை, அழுகிய முட்டை வாடை அடித்தாலும் அப்படியே. ஆனால் ஒன்று: கிருமி சேர்ந்த சோப்பு பல சமயம் நல்ல வாசனையோடு, நல்ல நிறத்தோடுதான் இருக்கும். நம் மூக்கையும் கண்ணையும் நம்பி ‘இது சுத்தம்’ என்று சான்றிதழ் கொடுத்துவிட முடியாது. ‘இது வேண்டாம்’ என்று முடிவெடுக்க மட்டுமே அவை உதவும்.

7. முதல் இரண்டு அழுத்தைச் சாக்கடையில் விடுங்கள். முந்தைய ஆள் போன பிறகு மூக்கிலேயே தங்கி, குளியல் ஆவியும் ஈரமும் பட்டு நிற்கும் சோப்பு அதுதான். இதனால் பாட்டிலுக்குள் இருக்கும் கிருமி போய்விடாது என்பதையும் நினைவில் வையுங்கள்.

8. ஷவருக்கு நேர் கீழே மாட்டியிருக்கும் பாட்டிலைவிட வாஷ்பேசின் பக்கம் உலர்ந்த இடத்தில் இருக்கும் பாட்டில் மேல். பம்ப் மேலெழும்பும்போது காற்றை உறிஞ்சும். மூக்கில் தண்ணீர் நின்றால் அதையும் சேர்த்து உறிஞ்சும். ஈரக் கையை மூக்கில் ஒட்டி வைத்து அழுத்தாமல், ஓர் அங்குலம் கீழே பிடித்து வாங்குங்கள். அடுத்து வருபவருக்கு நாம் செய்யும் உதவி அது.

9. எது ஷாம்பு, எது கண்டிஷனர்? ஒரே மாதிரி மூன்று பாட்டில், எழுத்து பொடிப்பொடியாக. கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுக் குளிப்பவர்கள் கண்டிஷனரை உடம்பெல்லாம் பூசிக்கொண்டு நுரை வரவில்லை என்று திட்டுவது சகஜம். குளிக்கப் போகும் முன்பே படித்து வைத்துக்கொள்ளுங்கள். ஜப்பான் போகிறவர்களுக்கு ஒரு வசதி உண்டு. ஷாம்பு பாட்டிலின் பக்கவாட்டில் விரலுக்குத் தட்டுப்படும் வரிவரியான மேடுகள் இருக்கும். கண்டிஷனர் பாட்டில் வழவழவென்று இருக்கும். பார்வையற்றவர்களும், கண்ணை மூடிக்கொண்டு தலை தேய்ப்பவர்களும் அடையாளம் காண காவோ நிறுவனம் 1991-இல் கொண்டுவந்தது அது. பிற நிறுவனங்களும் பின்பற்றின. நம் ஊர்த் தயாரிப்பாளர்கள் யாராவது இதைக் காப்பியடித்தால் பாராட்டலாம்.

10. பெயரே இல்லாத பாட்டிலைத் தவிர்த்துவிடுங்கள். அதிலும் பளீர் பச்சை, பளீர் ரோஸ் நிறத்தில் வாசனை தூக்கலாக இருந்தால் அது சோப் ஆயிலாக இருக்கலாம். தள்ளுவண்டியில் பினாயில், ஆசிட்டோடு சேர்த்து விற்பார்களே, அதே சோப் ஆயில். ஆசிட் ஸ்லரியும் காஸ்டிக் சோடாவும் உப்பும் சேர்த்துச் செய்யும் அது பாத்திரத்துக்கும் தரைக்குமானது. ஒருமுறை கை கழுவினால் ஒன்றும் ஆகாது. நாலு நாள் அதிலேயே கழுவினால் விரல் இடுக்கில் எரிச்சலும் வெடிப்பும் வரும். உடம்புக்குக் கூடவே கூடாது.

11. கல்யாண மண்டபம், நெடுஞ்சாலை ஓட்டல். மினரல் வாட்டர் பாட்டிலின் மூடியில் ஓட்டை போட்டு, நீல நிறத் தண்ணீரை நிரப்பி, கைகழுவும் இடத்தில் கயிற்றில் கட்டி வைத்திருப்பார்கள். சாப்பிட்டு முடித்த பிறகு எண்ணெய்ப் பிசுக்குப் போக அது போதும். சிக்கல் சாப்பிடுவதற்கு முன். நாம் ஸ்பூனில் சாப்பிடும் ஜாதி இல்லை. கழுவிய விரல்தான் சோற்றைப் பிசையப் போகிறது. அதனால் சாப்பாட்டுக்கு முன் கைகழுவச் சொந்தச் சோப்பு, பேப்பர் சோப்பு, அதுவும் இல்லையென்றால் ஓடும் தண்ணீரில் நன்றாகத் தேய்த்துக் கழுவுதல் என்று வைத்துக்கொள்ளுங்கள். பேப்பர் சோப்பைக் காய்ந்த விரலால் எடுக்க வேண்டும். ஈர விரல் பட்டால் மொத்தக் கட்டும் ஒட்டி ஒரே பாளமாகிவிடும். குழந்தைகள் கையில் கொடுத்தால் அரை மணி நேரத்தில் தீர்ந்துவிடும் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

12. இதையெல்லாம் படித்துவிட்டுக் கைகழுவாமல் இருந்துவிடாதீர்கள். ரயிலில், பேருந்து நிலையத்தில் கழிப்பறை போய்வந்த பிறகு, எதிரே இருப்பது சந்தேகமான டிஸ்பென்சர் மட்டும்தான் என்றால் அதைத்தான் பயன்படுத்த வேண்டும். கொஞ்சமாக எடுத்து, 20 விநாடி தேய்த்து, நிறையத் தண்ணீர் விட்டு அலசி, கையைத் துடைத்து உலர்த்துங்கள். பிறகு, 60 சதவீதத்துக்குக் குறையாத ஆல்கஹால் உள்ள சானிட்டைசரைத் தடவிக்கொள்ளலாம். வரிசை முக்கியம். ஈரக் கையில் தடவினால் சானிட்டைசர் நீர்த்துவிடும். அழுக்கும் எண்ணெயும் உள்ள கையில் வேலை செய்யாது. வயிற்றுப்போக்கு, வாந்தி பரப்பும் நோரோவைரஸை சானிட்டைசர் சரியாக அழிக்காது. தேய்த்துக் கழுவுவதற்கு மாற்று இல்லை.

13. மொட்டை போட்டவர்கள் கவனிக்க. பழனிக்கோ திருப்பதிக்கோ போய் முடி காணிக்கை கொடுத்த தலையில் கண்ணுக்குத் தெரியாத கீறல்கள் நிறைய இருக்கும். அதன் மேல் லாட்ஜ் பாட்டிலில் இருக்கும் ஷாம்புவையோ பாடி வாஷையோ ஊற்றித் தேய்ப்பது வேண்டாத வேலை. ஆரோக்கியமான தோல் கிருமியைத் தடுத்துவிடும். கீறிய தோல் தடுக்காது. மயிர்க்கால்களில் சின்னச் சின்னக் கொப்புளமாக வரலாம். குழந்தைக்கு மொட்டை போட்டால் இரட்டிப்புக் கவனம் தேவை. சுத்தமான ஓடும் தண்ணீர், வீட்டிலிருந்து கொண்டுபோன சோப்பு, பிறகு மெல்லிய துணியால் ஒற்றி எடுத்தல், இவ்வளவே போதும். சந்தனத்தையும் ஊற வைத்த பழைய கிண்ணத்திலிருந்து எடுக்காமல் புதிதாகக் குழைத்துப் பூசுங்கள். முகச் சவரம் செய்துகொள்ளும் ஆண்களுக்கும், கால் முடி எடுக்கும் பெண்களுக்கும் இதே விதிதான்: சவரம் செய்த அன்று சொந்தச் சோப்பு.

14. கான்டாக்ட் லென்ஸ் போடுகிறவர்கள் லென்ஸைத் தொடும் முன் பொது ஹேண்ட் வாஷில் கைகழுவ வேண்டாம். சூடோமோனாஸ் கண்ணின் கருவிழிக்குப் போனால் வேகமாகப் புண்ணாக்கும், பார்வைக்கே ஆபத்து. குளிக்கும்போது லென்ஸைக் கழற்றிவிடுவதும் அவசியம்.

15. பொதுப் பாட்டிலைத் தொடவே கூடாதவர்கள்: கைக்குழந்தைகள், அறுவை சிகிச்சைத் தையல் இன்னும் ஆறாதவர்கள், கீமோதெரபி எடுப்பவர்கள், உறுப்பு மாற்றுச் சிகிச்சை செய்துகொண்டவர்கள், காலில் புண் உள்ள சர்க்கரை நோயாளிகள், புதிதாகப் பச்சை குத்திக்கொண்டவர்கள். எக்ஸிமா போன்ற தோல் ஒவ்வாமை உள்ளவர்களும் விலகியே இருக்கலாம். அவர்களுக்குக் கிருமியைவிட, உள்ளே என்ன வேதிப்பொருள் என்று தெரியாததுதான் தொல்லை. மற்றபடி திடகாத்திரமாக இருப்பவர்கள் ஒரு நாள் லாட்ஜ் ஷாம்புவில் குளித்துவிட்டால் ஒன்றும் குடிமுழுகிப் போகாது. நன்றாக அலசிவிட்டால் போதும்.

16. கட்டிச் சோப்பை மீண்டும் பெட்டிக்குள் கொண்டுவாருங்கள். ஒருவர் தேய்த்த சோப்பை இன்னொருவர் தொட்டால் நோய் ஒட்டும் என்ற பயம் நமக்கு உண்டு. 1988-இல் வெளியான ஒரு சோதனையில் சோப்புக்கட்டிகளின் மேல் வேண்டுமென்றே கிருமியைத் தடவி, அதில் 16 பேரைக் கைகழுவச் செய்தார்கள். கழுவிய பிறகு யார் கையிலும் அந்தக் கிருமி கண்டறியும் அளவுக்கு இல்லை. (அதைச் செய்தவர்களும் சோப்புக் கம்பெனிக்காரர்கள்தான். இந்தத் துறையில் அது தவிர்க்க முடியாத தொல்லை.) பயணத்துக்குக் கட்டிச் சோப்புக்கு இன்னும் இரண்டு நன்மைகள்: பையில் கொட்டாது, சர்வதேச விமானத்தில் கைப்பையில் வைத்தால், திரவங்களுக்கான 100 மில்லி கட்டுப்பாடு இதற்கு இல்லை. ஒரு முழுச் சோப்பை நீளவாக்கில் நான்காக வெட்டிக்கொள்ளுங்கள். ஒரு துண்டு ஒரு ஊருக்கு. அடியில் துளையுள்ள டப்பாவில் வைத்து, கிளம்பும் முன் மின்விசிறிக்குக் கீழே பத்து நிமிடம் உலர்த்திவிட்டு மூடுங்கள். தண்ணீரில் ஊறிக் கூழாகிக் கிடக்கும் சோப்புக்கு மட்டும் இந்தச் சிபாரிசு செல்லாது.

17. பாக்கெட் ஷாம்பு. மூடி முத்திரையிட்ட, ஒருவருக்கு ஒருமுறை என்ற யோசனை நம் கடலூர்க்காரர்களுடையது. சின்னி கிருஷ்ணன் ஷாம்புவைப் பாக்கெட்டில் அடைத்தார். அவர் மகன் சி.கே. ரங்கநாதன் 1983-இல் சிக் ஷாம்புவைத் தொடங்கினார். பிறகு அது இந்தியாவின் பெட்டிக்கடைகளிலெல்லாம் சரமாகத் தொங்கியது. சுத்தத்துக்கு இதை அடித்துக்கொள்ள ஆளில்லை. குப்பைக்கும் ஆளில்லை. ஒரு நாள் பயணம், மொட்டை, குழந்தை என்ற அவசியங்களுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். காலிப் பாக்கெட்டைக் குளியலறை ஓட்டையில் விடாமல் கூடையில் போடுங்கள். பாதி பாக்கெட்டை மடித்து வைத்து மறுநாள் பயன்படுத்துவதும் வேண்டாம். திறந்து ஈரம் பட்ட பிறகு அதுவும் இன்னொரு டிஸ்பென்சர்தான்.

18. சீயக்காய்த் தூள், பச்சைப்பயற்றமாவு எடுத்துப்போகிறவர்கள் ஒருமுறைக்குத் தேவையானதைத் தனித்தனிப் பொட்டலமாகக் கட்டிக்கொள்ளுங்கள். காய்ந்த தூள் பல நாள் தாங்கும். குழைத்து மீதமானதை மறுநாளுக்கு வைத்தால் கெட்டுவிடும். லாட்ஜின் வடிகாலில் மாவு அடைக்கும் என்பதால் நிறையத் தண்ணீர் விடுங்கள். குற்றால அருவிக்குப் போகிறவர்களுக்கு இந்தப் பேச்சே இல்லை. அங்கே எண்ணெய், சீயக்காய், சோப்பு, ஷாம்பு எதுவும் தேய்க்கக் கூடாது.

19. உங்கள் பையில் இருக்கும் குட்டி பாட்டிலை எப்போது கழுவினீர்கள்? பயணத்துக்கென்று 50 மில்லி பாட்டிலில் ஷாம்பு ஊற்றி வைத்திருப்போம். பாதி தீர்ந்து வரும். அடுத்த பயணத்துக்கு அதன் மேலேயே ஊற்றுவோம். லாட்ஜுக்காரரைக் குறை சொன்ன அதே காரியம். வீட்டில் ஹேண்ட் வாஷ் பாட்டிலில் ரீஃபில் கவரை வெட்டி ஊற்றுவதும், தீரும்போது கொஞ்சம் தண்ணீர் விட்டுக் குலுக்குவதும் இதே கணக்கில்தான் சேரும். முறை இது: முழுதாகத் தீர்த்துவிடுங்கள். பாட்டிலையும் மூடியையும் பம்பையும் தனித்தனியாகச் சூடான தண்ணீரில் கழுவுங்கள். பம்பைச் சூடான தண்ணீருக்குள் வைத்துப் பல முறை அழுத்தி, குழாய்க்குள் இருப்பதை வெளியேற்றுங்கள். கவிழ்த்து வைத்து ஒரு நாள் முழுக்க உலர விடுங்கள். சொட்டு ஈரம் இல்லை என்று தெரிந்த பிறகு ஊற்றுங்கள். தண்ணீர் விட்டுக் குலுக்கியதை அன்றே தீர்த்துவிட வேண்டும். பம்ப் மட்டும் வழவழப்பாகிவிட்டால் கழுவிப் பயனில்லை, தூக்கிப் போடுங்கள். படலம் பிடித்த டிஸ்பென்சர்களைப் பிளீச் விட்டுக் கழுவியும் சில நாட்களில் கிருமி திரும்பி வந்துவிட்டதை ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள்.

20. வெளிநாட்டுப் பாட்டில்களில் திறந்த டப்பா படமும் அதற்குள் 6 எம், 12 எம் என்றும் போட்டிருக்கும். திறந்த பிறகு எத்தனை மாதம் வைத்திருக்கலாம் என்பது அது. நம் நாட்டுப் பாட்டிலில் தயாரித்தவர் முகவரி, பேட்ச் எண், உரிம எண், எப்போதுக்குள் பயன்படுத்த வேண்டும் என்ற விவரம் இருக்க வேண்டும் என்பது விதி. கேனிலிருந்து பெயரில்லாத பாட்டிலுக்கு மாறும்போது இந்த விவரம் எல்லாம் காணாமல் போய்விடுகிறது.

21. ரிசப்ஷனில் கேளுங்கள். “தம்பி, பாத்ரூம்ல இருக்கிற ஷாம்பு பாட்டிலை அப்படியே மாத்துவீங்களா, மேலயே ஊத்துவீங்களா?” என்று கேட்டால் பெரும்பாலும் உண்மையான பதில் வந்துவிடும். “காலியானா ஊத்திடுவோம் மேடம்” என்றால், கழுவுவார்களா என்று அடுத்த கேள்வி. சில விடுதிகளில் கேட்டால் மூடிய குட்டிச் சோப்பு எடுத்துக் கொடுப்பார்கள்; மேசை மேல் வைக்காவிட்டாலும் உள்ளே இருப்பு இருக்கும். கோபப்பட்டுக் கேட்க வேண்டியதில்லை. ஊற்றுகிற ரூம் பாய்க்கு இதை யாரும் சொல்லிக் கொடுத்திருக்க மாட்டார்கள். ஒரு நாளைக்கு எத்தனை அறை முடிக்க வேண்டும் என்ற கணக்கு மட்டும்தான் அவருக்குச் சொல்லப்பட்டிருக்கும்.

22. ஹோம்ஸ்டே, லாட்ஜ், மண்டபம் நடத்துபவர்களுக்கு. ஒவ்வோர் இடத்துக்கும் இரண்டு செட் பாட்டில் வாங்குங்கள். ஒன்று உபயோகத்தில் இருக்கும்போது மற்றது கழுவி உலர்ந்துகொண்டிருக்கட்டும். நிரப்பிய தேதியை மார்க்கரால் அடியில் எழுதுங்கள். கேனை மூடி வையுங்கள். ஊற்றும் புனலையும் கழுவுங்கள், அதை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். தண்ணீர் சேர்க்காதீர்கள். ஒரு லிட்டர் பாட்டில் மாட்டிவிட்டு, மீதி இருப்பதைக் கொட்ட மனம் வராமல் மேலே ஊற்றுவதைவிட, 200 மில்லி பாட்டில் மாட்டுங்கள். சீக்கிரம் தீரும், சீக்கிரம் கழுவலாம், கொட்டவும் வேண்டியிருக்காது.